சிலேட்டின் மறுபக்கம்

கணக்குப் பாடத்திலை பிள்ளையளைக் காரணம் எழுத வைக்கிறது எப்பிடி எண்டு உங்களுக்குச் செயலமர்வு வைச்சவையாம். தேத்தண்ணியும் வடையும் தந்து, ஒரு கையேட்டையும் தந்து விட்டிருக்கினம். அதைக் கொண்டுவந்து என்ர மேசையிலை வைச்சு, "ரீச்சர், உங்கட காலத்திலை இப்பிடியெல்லாம் இருந்ததோ?" எண்டு கேக்கிறியள். இருந்தது பிள்ளையள். அதைச் செய்ததுக்குத்தான் என்னைத் தூக்கிக் காட்டுக்கை எறிஞ்சவை.

கையேட்டைப் புரட்டிப் பார்த்தன். நல்ல வழுவழுப்பான கடுதாசி. பிள்ளை எப்பிடி யோசிச்சது எண்டு எழுதச் சொல்லி ஊக்குவிக்கோணுமாம். ஊக்குவிக்கலாம், அது பெரிய வேலையில்லை. அந்தப் பிள்ளை எழுதினாப் பிறகு அதை ஆர் வாசிக்கிறது எண்டு இதுக்குள்ளை ஒரு வரி இருக்கோ? நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தன். இல்லை. எனக்கு எரிச்சல் வருகுது எண்டால் அதுக்குத்தான் வருகுது. நீங்கள் நேற்று நியமனம் கிடைச்சு வந்த பிள்ளையள், உங்களிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருங்கோ, சொல்லுறன்.

ஐம்பதுகளின்ர கடைசியிலை நான் பயிற்சிக் கலாசாலை முடிச்சு, வடமராட்சியிலையிருந்து பெட்டியும் கையுமாய் வன்னிக்கு வந்தனான். முதல் நியமனம் முள்ளிவாய்க்காலுக்கு அங்காலை ஒரு கரை ஊர். அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். அரைச்சுவர், ஓலைக்கூரை, மணல் தரை. வகுப்பிலை நிண்டு பார்த்தால் கடல் தெரியும், காத்துக்குக் கரும்பலகை ஆடும். நாலாம் அஞ்சாம் வகுப்பு ரெண்டையும் சேர்த்து என்னட்டைத் தந்தவை. பிள்ளையள் எல்லாம் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பிள்ளையள், கடற்தொழில் செய்யிற குடும்பங்கள்.

முதல் கிழமை பெருக்கல் கணக்குக் குடுத்தன். அத்தனை பேரும் சரி. எனக்கு வாயெல்லாம் பல்லு, நல்ல வகுப்புத்தான் கிடைச்சிருக்கு எண்டு. பிறகு ஒரு பெடியனை எழுப்பி, "ஏன்ரா பெருக்கினனீ?" எண்டு கேட்டன். அவன் கொஞ்சமும் யோசிக்கேல்லை. "முந்தின கணக்கும் பெருக்கல்தானே ரீச்சர்" எண்டான். எனக்குச் சந்தேகம் வந்திட்டுது. அதே இலக்கங்களைப் போட்டுக் கழிக்கிற கணக்கு ஒண்டு எழுதினன். இவ்வளவு தேங்காய் இருந்தது, இவ்வளவு வித்தது, மிச்சம் எவ்வளவு எண்டு. வகுப்பே சேர்ந்து பெருக்கினது! வித்தாப் பிறகு தேங்காய் கூடிப்போச்சு. தலையிலை கையை வைச்சுக்கொண்டு இருந்தன்.

அண்டைக்குத்தான் நான் அந்தச் சட்டத்தைப் போட்டன். சிலேட்டின்ர ஒரு பக்கம் கணக்கு. மறுபக்கம் "ஏனெனில்". கணக்கைச் செய்திட்டுச் சிலேட்டைத் திருப்பி, ஏனெனில் எண்டு தொடங்கி, ஏன் அப்பிடிச் செய்தது எண்டு எழுதோணும். மறுபக்கம் வெறுமையாய் இருந்தால் முன்பக்கத்துக்கு நான் சரி போடமாட்டன்.

முதல் வந்த காரணங்களைக் கேட்டால் சிரிப்பியள். "ஏனெனில் ரீச்சர் சொன்னவா." "ஏனெனில் அதுதான் விடை." ஒருத்தன் எழுதினான், "ஏனெனில் மாதா துணை." மாதாவுக்கு ஆர் சரி போடாமல் விடுறது? நான் சிரிச்சுப்போட்டு, அதை அழிச்சுப்போட்டு, திருப்பி எழுது எண்டன்.

பிறகு ஒரு வழி பிடிச்சன். பக்கத்திலை இருக்கிற பிள்ளைக்கு மறுபக்கத்தை மட்டும் காட்டோணும். அந்தப் பிள்ளை முன்பக்கத்தைப் பார்க்காமல், காரணத்தை மட்டும் வாசிச்சு, அந்தக் கணக்கைத் தான் செய்யோணும். வந்தால் அது காரணம். வராட்டில் ரெண்டு பேரும் இருந்து திருத்தோணும். ஐயோ, அந்தச் சண்டையை நீங்கள் பார்த்திருக்கோணும்! "எடேய், நீ எழுதினதிலை அரைவாசி மாங்காயைக் காணேல்லையடா!" "உனக்கு வாசிக்கத் தெரியாட்டில் நான் என்ன செய்யிறது?" பக்கத்து வகுப்பிலையிருந்து தலைமை வாத்தியார் எட்டிப் பார்ப்பார். நான் மறிக்கமாட்டன். ஒரு மாதத்திலை அதுகள் தாங்களாகவே கண்டுபிடிச்சிட்டுதுகள், அங்கை இல்லாத ஒராளுக்கு விளங்கிற மாதிரி எழுதோணும் எண்டு. அது உங்கட கையேட்டிலை நாலு பக்கத்துக்குப் போட்டிருக்கு.

இன்னுமொரு பழக்கத்தையும் முறிச்சன். பிள்ளையள் விடையைக் கணக்கிலை தேடுறேல்லை, வாத்தியின்ர மூஞ்சையிலைதான் தேடுவினம். ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு முழுசிப் பார்ப்பினம். நாங்கள் கொஞ்சம் சிரிச்சால் அப்பிடியே விடுவினம், புருவத்தைச் சுருக்கினால் உடனை மாத்துவினம். "என்ர மூஞ்சையிலை விடை எழுதியிருக்கோ?" எண்டு கேட்டுப்போட்டு, ஒரு பிள்ளை பதில் சொல்லேக்கை நான் கடல் பக்கம் திரும்பி நிப்பன். இதை ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்கோ.

இப்ப பிலோமினாவைப் பற்றிச் சொல்லோணும். அஞ்சாம் வகுப்பு. ஒட்டி உலர்ந்த பெட்டை, சிலேட்டுக் குச்சியைக் கடிச்சுக் கடிச்சே பாதி முடிச்சிடுவாள். சில நாளையிலை தங்கச்சியை இடுப்பிலை காவிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். தகப்பன் கூலிக்குக் கடலுக்குப் போற மனுசன். வள்ளமும் வலையும் வைச்சிருக்கிற முதலாளியை அங்கை சம்மாட்டி எண்டு சொல்லுறது. அந்த ஊர்ச் சம்மாட்டியின்ர வள்ளத்திலைதான் தகப்பன் போறது, சம்மாட்டியின்ர கருவாட்டு வாடியிலைதான் தாய் மீன் வெட்டிக் காயப்போடுறது.

பிலோமினா மாதிரி ஒரு பிள்ளையை நான் அதுக்குப் பிறகு காணேல்லை. கெட்டிக்காரப் பிள்ளையள் கன பேரைப் பார்த்தனான். ஆனால் விளங்காத ஒண்டை விளங்கினது எண்டு சொல்லத் தெரியாத பிள்ளை அவள் ஒருத்திதான். ஆர் சொன்னாலும், "ஏன்?" எண்டுதான் நிப்பாள்.

ஒரு நாள் தாய் வந்தா. வாசலிலை நிண்டே கதைச்சா, எவ்வளவு கூப்பிட்டும் உள்ளுக்கை வரேல்லை. "ரீச்சர், இவள் ஸ்கொலசிப் பாஸ் பண்ணினால் விடுறம். இல்லாட்டில் வாடியிலை ஆள் தேவை. எனக்கும் ஏலாது" எண்டா. அஞ்சாம் வகுப்பிலை அந்தச் சோதினை எடுத்துப் பாஸ் பண்ணினால், பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடத்திலை விடுதியிலை நிண்டு படிக்கலாம். சாப்பாடும் படிப்பும் சும்மா. அந்தப் பிள்ளைக்கு வாடியை விட்டு வெளியிலை போக இருந்த கதவு அது ஒண்டுதான். எனக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும், பிலோமினாவுக்கும் நல்லாய்த் தெரியும்.

ஒருநாள் பங்கிடுகிற கணக்குப் படிப்பிக்கப் போனன். கரைப்பிள்ளையளுக்கு மீன் கணக்குக் குடுத்தால் கெதியாய் விளங்கும் எண்டு என்ர பெரிய மூளை சொன்னது. மூன்று பேர் ஒரு வள்ளத்தில் சென்று முப்பது மீன் பிடித்தனர், சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை எண்டு எழுதினன். சிலேட்டுகளைப் பார்த்தால், பாதிப் பேர் பத்து எண்டு போட்டிருக்கினம், பாதிப் பேர் ஆறு எண்டு போட்டிருக்கினம்.

எனக்குக் கோபம் வந்திட்டுது. "முப்பதை மூண்டாலை பிரிச்சால் ஆறோ? வாய்ப்பாட்டைச் சோத்தோடை சேர்த்துத் திண்டிட்டியளோ?"

பிலோமினா எழும்பினாள். "மூண்டாலை இல்லை ரீச்சர். அஞ்சாலை."

"அஞ்சு எங்கையிருந்தடி வந்தது?"

"போன ஆக்கள் மூண்டு பேர். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு."

"கணக்கிலை வள்ளத்துக்குப் பங்கு எண்டு போட்டிருக்கோ?"

"வள்ளம் எண்டு போட்டிருக்குத்தானே ரீச்சர்? வள்ளம் போனால் வள்ளத்துக்குப் பங்கு."

"ஏன், வள்ளம் மீன் தின்னுமோ?" எண்டு கேட்டன். பின்னாலையிருந்து ஒருத்தன், "வள்ளம் தின்னாது ரீச்சர், சம்மாட்டி தின்னுவார்" எண்டான். வகுப்பு விழுந்து விழுந்து சிரிச்சது. சம்மாட்டியின்ர மகன் அன்ரனும் அந்த வகுப்புத்தான். அவனும் சேர்ந்து சிரிச்சான். பிலோமினா மட்டும் சிரிக்கேல்லை. சிலேட்டைத் திருப்பி எனக்குக் காட்டினாள். "ஏனெனில் போனது மூன்று பேர், பங்கு ஐந்து. வள்ளத்துக்கு ஒன்று, வலைக்கு ஒன்று."

அங்கை நடக்கிற முறை அதுதான். கரையிலை மீனைக் கொட்டினவுடனை வள்ளத்தின்ர பங்கும் வலையின்ர பங்கும் முதல் விலகிடும், பிறகுதான் ஆக்களுக்கு. அந்தப் பிள்ளையள் பிறந்த நாளிலையிருந்து பார்க்கிற விஷயம். பத்து எண்டு எழுதினதுகள் புத்தகத்தை நினைச்சு எழுதினதுகள், ஆறு எண்டு எழுதினதுகள் கரையை நினைச்சு எழுதினதுகள்.

இந்த இடத்திலை கொஞ்சம் நில்லுங்கோ பிள்ளையள். பாதி வகுப்புக்கு ஒரே பிழை வந்தால் அதுக்குப் பின்னாலை ஒரு விஷயம் இருக்கும். சிவப்புப் பேனையை எடுக்க முந்திச் சிலேட்டைத் திருப்பிப் பாருங்கோ. நான் அண்டைக்குத் திருப்பினபடியால்தான் தப்பினன். பிலோமினாவுக்குச் சொன்னன், "கணக்கிலை சொல்லாத ஒண்டை நீ எடுத்தால், எடுத்தன் எண்டு எழுது. சொந்த வள்ளம் எண்டால் இவ்வளவு, பிறத்தியாற்ற வள்ளம் எண்டால் இவ்வளவு." அவள் உடனை எழுதினாள். அப்பிடி ஒரு விளக்கத்தை நான் பயிற்சிக் கலாசாலையிலை பெரிய மனுசரிட்டையும் காணேல்லை.

தலைமை வாத்தியார் எல்லாத்தையும் அரைச்சுவருக்கு மற்றப் பக்கத்திலையிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு வந்தார். வயசான மனுசன், சம்மாட்டி வீட்டு வளவுக்கை ஒரு அறையிலைதான் குடியிருந்தவர். "ரீச்சர், உங்கட ஏனெனில் நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் சோதினையிலை சிலேட்டுக்கு ஒரு பக்கந்தான்" எண்டார். இந்தாளுக்குச் சம்பளம் வந்தால் காணும், வேற என்ன தெரியும் எண்டு மனசுக்கை திட்டினன். அந்த மனுசன் சொன்னது அச்சொட்டாய் நடந்தது. அதுதான் எனக்கு இண்டைக்கும் பொறுக்கேலாமல் கிடக்கு.

அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலை ஆரை ஸ்கொலசிப் சோதினைக்கு அனுப்பிறது எண்டதை, எங்கட பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் தானே வந்து பார்த்துத்தான் முடிவெடுப்பார். எங்கட பள்ளிக்கூடத்திலையிருந்து ஒராள்தான் எண்டு முதலே சொல்லி அனுப்பிப்போட்டார். வாற நாளுக்கு முதல் நாள் தலைமை வாத்தியார் பிலோமினாவைக் கூப்பிட்டு, என்ர கண்ணுக்கு முன்னாலையே சொன்னார், "பிள்ளை, நாளைக்கு மீன் கணக்குக் கேட்டால் வள்ளத்தை மறந்திடு." அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னன், "நீ படிச்சபடி செய்."

இன்ஸ்பெக்டற்ற கார் மணலிலை புதைஞ்சு போச்சு. சம்மாட்டி ஆக்களை அனுப்பித் தள்ளுவிச்சு, மனுசனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், இளநீர் குடுத்து அனுப்பினவர். மத்தியானத்துக்கு நண்டுக்கறி எண்டும் பேச்சு. மனுசன் நல்ல குஷியாய் வகுப்புக்கை வந்து கதிரையிலை இருந்தார். "கரைப்பிள்ளையள்தானே, மீன் கணக்கே கேப்பம்" எண்டார். தலைமை வாத்தியார் என்னைப் பார்க்கேல்லை, கூரையைப் பார்த்தார்.

மூன்று மீனவர் ஒரு வள்ளத்தில் சென்றனர், அறுபது மீன் பிடித்தனர், சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை. இதுதான் கணக்கு.

அன்ரன் முதல் ஆளாய்ச் சிலேட்டைக் கொண்டு போனான். இருபது. மறுபக்கம் என்ன எழுதினவன் எண்டு எனக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர் திருப்பேல்லை. "நல்லது" எண்டார். அவனிலை பிழை சொல்லமாட்டன், பாவம், சின்னப் பெடியன், கேட்டதுக்குச் செய்தவன். ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு எடுக்கிற வீட்டுப் பிள்ளை, போன மூண்டு பேருமே முழு மீனையும் எடுக்கலாம் எண்டு எழுதியிருக்குது. அதுக்குச் சரி.

பிலோமினா கொண்டு போனாள். முன்பக்கத்திலை ரெண்டு விடை. இருபது, பன்னிரண்டு.

"இதென்ன ரெண்டு? கணக்குக்கு ஒரு விடைதான். ஒண்டை அழி."

"எதை அழிக்கிறது ஐயா? வள்ளம் ஆற்றை, சொந்தமோ பிறத்தியாற்றையோ?"

இன்ஸ்பெக்டற்ற முகம் மாறினது. "வள்ளத்தைப் பற்றி இஞ்சை ஆர் கேட்டது?"

"பின்னுக்கு எழுதியிருக்கிறன் ஐயா."

"எனக்குப் பின்னுக்கு வேண்டாம். ஒண்டை அழி எண்டனான்."

தலைமை வாத்தியார் பின்னாலை நிண்டு இருமினார். பன்னிரண்டை அழி, பன்னிரண்டை அழி எண்டு அந்த இருமல் சொல்லுறது எனக்குக்கூட விளங்கினது. பிள்ளை என்ர முகத்தைப் பார்த்தது. வகுப்பு முழுக்க என்ர முகத்தைப் பார்த்தது. இருபதை வைச்சிரு எண்டு நான் கண்ணாலை ஒரு சாடை காட்டியிருந்தால் காணும்.

நான் கடல் பக்கம் திரும்பினன்.

நீங்கள் இப்ப என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறியள். பாருங்கோ, ஊர்ச் சனமும் அப்பிடித்தான் பார்த்தது. காரணம் எழுது, என்ர முகத்தைப் பார்க்காதை எண்டு வருஷம் முழுக்கச் சொல்லிக் குடுத்துப்போட்டு, ஒரு கார்க்காரன் வந்தவுடனை கண்ணைக் காட்டினால் அதுக்குப் பேர் படிப்போ? நான் செய்தது பிழையில்லை. அண்டைக்கும் பிழையில்லை, இண்டைக்கும் பிழையில்லை. பிழை செய்தவை வேற ஆக்கள், அவை பென்சன் எடுத்துச் சுகமாய்த்தான் இருந்தவை.

திரும்பிப் பார்த்தன். அவள் இருபதை அழிச்சிருந்தாள். பன்னிரண்டுதான் நிண்டது. சிலேட்டைத் திருப்பி, முந்தி எழுதினதையும் அழிச்சுப்போட்டு, புதுசாய் ஒரு வரி எழுதிக் குடுத்தாள். இன்ஸ்பெக்டர் முன்பக்கத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு. பிழை" எண்டு சொல்லி மேசையிலை போட்டார்.

அப்ப நான் போனன். சிலேட்டை எடுத்துத் திருப்பி, வகுப்பு முழுக்கக் கேக்க வாசிச்சன். "ஏனெனில் வள்ளம் எங்களுடையது அல்ல."

அன்ரன் தலையைக் குனிஞ்சான்.

"ஐயா, கணக்கிலை வள்ளம் ஆற்றை எண்டு இல்லை. பிள்ளை தான் எதை எடுத்தது எண்டு எழுதியிருக்குது. இதுக்குப் பன்னிரண்டு சரி" எண்டன். என்ர நியமனம் அப்ப நிரந்தரமாகேல்லை, அந்தாள் எழுதிற அறிக்கையிலைதான் அதுவும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரீச்சர், நான் விடைதான் கேட்டனான். காரணம் கேக்கேல்லை" எண்டார். பிறகு தலைமை வாத்தியாரைப் பார்த்து, "இந்தப் பெட்டைக்கு நல்ல வாய்க்கொழுப்பு. ரீச்சரிட்டைப் பழகினதாக்கும்" எண்டு சிரிச்சார். தலைமை வாத்தியாரும் சிரிச்சார். சிரிக்காமல் என்ன செய்வார்?

நண்டுக்கறி முடிஞ்சு இன்ஸ்பெக்டர் வெளிக்கிடேக்கை கார் திரும்பவும் மணலிலை புதைஞ்சு கிடந்தது. நான் ஓடிப்போனன். "ஐயா, ரெண்டு பேரையும் அனுப்புங்கோ. சோதினையிலை தெரியும்தானே" எண்டு கும்பிட்டுக் கேட்டன். கார் யன்னலுக்குள்ளாலை தலையை நீட்டி, "கரைப்பிள்ளையளுக்குக் கணக்கு வந்தால் காணும் ரீச்சர். கதை வேண்டாம்" எண்டார். காரைத் தள்ளின ஆக்களுக்குள்ளை பிலோமினாவின்ர தகப்பனும் நிண்டவர். மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. சிரிச்சுச் சிரிச்சு, "ஏலேலோ" போட்டுத் தள்ளினார். கார் வெளியிலை வந்தவுடனை எல்லாரும் கை தட்டினவை.

அண்டைக்குப் பின்னேரம் தலைமை வாத்தியாரோடை நல்லாய்ச் சண்டை பிடிச்சன். ஆள் எல்லாத்தையும் பொறுமையாய்க் கேட்டுப்போட்டுச் சொன்னார், "நீங்கள் பிள்ளைக்குப் படிப்பிச்சியள் ரீச்சர். நான் பிள்ளையை அனுப்பப் பார்த்தனான்." அதுக்கு நான் என்ன சொல்லுறது எண்டு எத்தினையோ வருஷமாய் யோசிச்சிருக்கிறன். இப்பவும் நல்ல பதில் ஒண்டு வரேல்லை. நீங்கள் ஆராவது கண்டுபிடிச்சால் வந்து சொல்லுங்கோ.

அன்ரன் சோதினைக்குப் போனான், பாஸ் பண்ணினான், விடுதிக்குப் போனான். பள்ளிக்கூடத்திலை மாலை போட்டுக் கூட்டம் வைச்சினம். விடுதிச் சாப்பாடு சும்மா கிடைக்காட்டிலும் அவன் பட்டினியாய்க் கிடந்திருக்கமாட்டான், அதை மட்டும் ஒருதரும் கூட்டத்திலை சொல்லேல்லை.

எனக்கு அடுத்த தவணையே மாற்றம் வந்தது. நெடுங்கேணிக்கு அங்காலை, தண்ணியில்லாக் காடு எண்டு பயமுறுத்துவினமே, அதுக்குத்தான். பஸ் விட்ட இடத்திலையிருந்து மாட்டு வண்டில். நல்லாய் இருந்தன், ஒண்டும் குறைஞ்சு போகேல்லை. அங்கை யாழ்ப்பாணத்திலையிருந்து குடியேறின வயல்காரற்ற பிள்ளையள். முதல் நாளே கரும்பலகையிலை ஏனெனில் எண்டு எழுதினன். குளத்து வாய்க்காலாலை தண்ணி விட்டால் கடைசி வயல் நிரம்ப எத்தனை மணித்தியாலம் எண்டு ஒரு கணக்குக் குடுக்க, ஒரு பெட்டை எழுதினாள், "நிரம்பாது. ஏனெனில் மேல் வயல்காரர் மறித்துவிடுவார்." நான் கதிரையிலை இருந்து சிரிச்சன், பிறகு அழுதன். பிள்ளையள் பயந்து போச்சுதுகள்.

ஏன் அழுதனான் எண்டால், எனக்கு மற்றச் சிலேட்டு ஞாபகம் வந்திட்டுது. அதைச் சொல்லிப்போட்டு விடுறன்.

இன்ஸ்பெக்டர் வந்து போன அடுத்த கிழமை பிலோமினா பள்ளிக்கூடத்துக்கு வரேல்லை. தாய் வாடிக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டா எண்டு பிள்ளையள் சொல்லிச்சுதுகள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போனாப் பிறகு வந்தாள். கையிலை மீன் வெட்டின காயம், துணி சுத்தியிருந்தது. இடுப்பிலை தங்கச்சி. மற்றக் கையிலை சிலேட்டு.

நான் வகுப்பிலை இன்னொரு வழக்கமும் வைச்சிருந்தனான். பாதி வசனத்தை நான் எழுதிக் குடுப்பன், ஏனெனில் எண்டதுக்குப் பிறகு பிள்ளையள் நிரப்போணும். அவள் அதே மாதிரிச் செய்து கொண்டு வந்திருந்தாள். முன்பக்கத்திலை, வடிவான எழுத்திலை, "பிலோமினாவை அனுப்பவில்லை." திருப்பினன். மறுபக்கத்திலை "ஏனெனில்" மட்டும். மிச்சம் வெறுமை.

"நிரப்பித் தாங்கோ ரீச்சர். எனக்கு வருகுதில்லை" எண்டாள். அழேல்லை. கணக்கு வராத பிள்ளை கேக்கிற மாதிரித்தான் கேட்டாள்.

குச்சியை வாங்கினன். ஏனெனில் நீ ரெண்டு விடை எழுதினாய் எண்டு எழுதலாமோ? அதை எழுதச் சொன்னது நான். ஏனெனில் அந்தாளுக்குக் கோபம் வந்தது? அது காரணமில்லை, அங்கை இல்லாத ஒராளுக்கு அதை வாசிச்சால் விளங்காது. நான் போட்ட சட்டம் எல்லாம் என்ர கழுத்தையே நெரிச்சது. பிள்ளை என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டது. நான் கடல் பக்கம் திரும்பினன். இந்தமுறை ஒரு சட்டத்துக்காகவும் இல்லை, கண்ணீர் வந்திட்டுது, அதுதான்.

அவள் தங்கச்சியை மேசையிலை இருத்திப்போட்டு, என்ர கையிலையிருந்து குச்சியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கடிச்சுக்கொண்டு யோசிச்சாள். பிறகு எழுதி என்ர பக்கம் தள்ளினாள்.

"ஏனெனில் வள்ளம் எங்களுடையது அல்ல."

"சரியோ ரீச்சர்?"

முன்பக்கத்தையும் பார்த்தன், மறுபக்கத்தையும் பார்த்தன். சோக்கட்டியை எடுத்துச் சரி போட்டன்.